கத்தி கூர்மைதான், கடல் பெரிது

பைரோப்பியா என்னும் கடற்பாசியின் இலை ஒரே ஒரு செல் கனம்தான். ஜப்பானியர் நோரி என்றும் கொரியர் கிம் என்றும் அழைக்கும் கறுத்த தாள், இந்த இலையை நறுக்கி, கூழாக்கி, காகிதம்போல் பரப்பி உலர்த்தியது. சோற்றுருண்டையைச் சுற்றிவரும் அந்தத் தாளுக்குப் பின்னால் கிழக்காசியக் கடலோரங்களின் பெரும் பொருளாதாரம் நிற்கிறது. தென்கொரியாவின் கிம் ஏற்றுமதி 2023இல் ஒரு லட்சம் கோடி வோனைத் தாண்டியது.

இந்த இலைக்குள் பித்தியம் போர்ஃபைரே என்ற நோய்க்கிருமி புகுந்தால் நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். கண்ணாடி இழை போன்ற ஒன்று முதல் செல்லின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. எதிர்ச்சுவரைத் துளைத்து அடுத்த செல்லுக்குள் நுழைகிறது. பிறகு அதற்கடுத்ததில். பூக்காரி நாரில் பூவைக் கோப்பது போல ஒரே இழை டஜன் கணக்கான செல்களைக் கோத்துவிடுகிறது. கோக்கப்பட்ட செல் சுருங்கிச் சாக, அதன் சிவப்பு நிறமி வெளியே கசிகிறது. கடலில் பாசி வளரும் வலையருகே நிற்பவர் கண்ணுக்குக் குண்டூசித் தலை அளவில் ஒரு செம்புள்ளி தெரியும். சில நாட்களில் அது விரிந்து, நடுவில் வெளிறி, ஓட்டையாகும். இலை கிழிந்து கடலோடு போகும். செவ்வழுகல் என்று இதைச் சொல்லலாம். ஜப்பானிய ஆய்வாளர் அராசாகி 1947இல் இதைப் பித்தியத்தோடு சேர்த்து விவரித்தார். நோய்க்கிருமிக்குத் தனி இனப்பெயர் கிடைத்தது 1977இல்.

பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகளைக் கொண்டு இந்தக் கிருமியின் செல் சுவரைக் கரைத்துவிடலாம் என்ற யோசனையைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். கேட்பதற்கு அழகான யோசனை இது: ரசாயனம் வேண்டாம், இயற்கையே இயற்கையை அடக்கும். இப்படிக் கேட்க அழகாக இருப்பவற்றைத்தான் கொஞ்சம் கூடுதலாக உரசிப் பார்க்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் மருந்து என்ன என்று முதலில் பார்க்கலாம். அமிலக் குளியல். படகு வலைக்கு அடியில் புகுந்து போகும்; வலை படகின் மேலேறி, அமிலக் கரைசல் நிரப்பிய தொட்டியில் முங்கி, மறுபுறம் கடலில் இறங்கும். கரைசலின் பி.எச். ஏறத்தாழ 2. நோரியின் செல்கள் அந்தப் புளிப்பைச் சிறிது நேரம் தாங்கும். பித்தியமும், வலையில் ஒட்டும் டயட்டம் என்னும் நுண்பாசிகளும், பச்சைப் பாசிகளும் அவ்வளவு தாங்குவதில்லை. இந்தத் தாங்குதிறன் வித்தியாசம்தான் சிகிச்சையின் முழு ரகசியமும். ஜப்பான் மீன்வளத் துறை 1984இல் இதற்கு நெறிமுறை வகுத்தது: உணவில் உள்ள கரிம அமிலங்களையே பயன்படுத்த வேண்டும், அவை கடலில் சிதைந்துபோக வேண்டும், மிஞ்சிய கரைசலைக் கடலில் கொட்டக் கூடாது. ஆனாலும் அரியாகே விரிகுடாவில் சிப்பி எடுப்பவர்களுக்கும் நோரி வளர்ப்பவர்களுக்கும் இடையே அமிலம் இன்றுவரை தீராத வழக்கு. கொரியாவிலோ தடைசெய்யப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திப் பிடிபடுவது வாடிக்கையான செய்தி. ஆக, மாற்று ஒன்று தேவை என்பதில் சந்தேகமில்லை. நொதிதான் அந்த மாற்றா என்பதே கேள்வி.

நொதியின் பக்கம் உள்ள வலுவான வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். எதிராளியை நோஞ்சானாக நிறுத்தி வீழ்த்துவது திறனாய்வாகாது.

பித்தியம் பார்வைக்குப் பூஞ்சை. பிறப்பால் பூஞ்சை அல்ல. ஊமைசீட்டுகள் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பரிணாம மரத்தில் அதற்கு நெருங்கிய சொந்தம் பழுப்புக் கடற்பாசிகளும் டயட்டம்களும். உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நோய்க்கிருமி இதன் பங்காளி. பூஞ்சைகளின் சுவரில் கைட்டின் முக்கியம். ஊமைசீட்டுகளின் சுவரிலோ கைட்டின் மிகக் குறைவு அல்லது இல்லை. சுவரைக் கட்டி நிறுத்துவது செல்லுலோசும் பீட்டா-1,3-குளுக்கானும்தான். கைட்டினேஸ் நொதியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் தவறான வீட்டுக்குத் தவறான சாவி கொண்டுவருகிறார்கள் என்று அர்த்தம். சரியான சாவிகள் செல்லுலேஸும் குளுக்கனேஸும்.

இனி பயிரின் சுவரைப் பாருங்கள். நோரி இலையின் சுவரில் எலும்புக்கூடாக இருப்பது செல்லுலோஸ் அல்ல, பீட்டா-1,3-சைலான். மேற்தோல் மன்னான். இடைவெளியை நிரப்புவது போர்ஃபைரான் என்ற கந்தகமேறிய கூழ். சேமிப்புச் சத்தோ ஆல்ஃபா பிணைப்பு கொண்ட ஃப்ளோரிடியன் மாவு. நிலத்துச் செடி எதை எடுத்தாலும் அதன் சுவரில் செல்லுலோஸ் இருக்கும். பித்தியத்தைக் கரைக்கும் செல்லுலேஸ் செடியையும் சேர்த்துக் கரைக்கும். நோரி இலையில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. திருடனின் சட்டையும் வீட்டுக்காரரின் சட்டையும் வேறு வேறு துணி. நொதி வாதத்தின் உண்மையான பலம் இந்த வேதியியல் தற்செயல்தான். ‘இயற்கையானது’ என்ற முத்திரையை விட இது நூறு மடங்கு உறுதியான காரணம்.

நொதிகள் இப்படித் துல்லியமாக வெட்டும் என்பதற்கு நோரி ஆய்வுக்கூடங்களிலேயே அத்தாட்சி உண்டு. இலையிலிருந்து சுவரற்ற தனிச் செல்களைப் பிரித்தெடுக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் கடல் பாக்டீரியாக்களின் மூன்று நொதிகளைக் கலந்து பயன்படுத்தினார்கள்: சைலானை வெட்ட ஒன்று, மன்னானை வெட்ட ஒன்று, கூழை வெட்ட ஒன்று. மூன்றும் சேர்ந்தபோது சுவர் உரிந்து செல் உருண்டையாக வெளியே வந்தது. பாக்டீரிய நொதிக்குச் சுவர் உரிக்கத் தெரியும் என்பதில் ஐயமில்லை.

நோயை அடக்குவதில் நொதிக்குப் பங்குண்டு என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் சான்று நிலத்திலிருந்து வருகிறது. லைசோபாக்டர் என்சைமோஜீன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் சி3 வகை, சர்க்கரை பீட் நாற்றுகளைச் சாய்க்கும் பித்தியத்தைக் கட்டுப்படுத்தும். 2005இல் வெளியான ஆய்வில், அந்தப் பாக்டீரியாவின் குளுக்கனேஸ் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தபோது அதன் நோய்த்தடுப்புத் திறன் குறைந்தது. இந்த ஆய்வு ஏன் உயர்ந்தது என்றால், அது பாக்டீரியாவையே வைத்துக்கொண்டு நொதியை மட்டும் பறித்துப் பார்த்தது. ஆனால் அதே ஆய்வில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: திறன் குறைந்தது. முற்றாக அழியவில்லை. குளுக்கனேஸ் படையில் ஒரு சிப்பாய். அது மட்டுமே படையன்று.

நொதியின் பக்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி எதிர்த்தட்டு.

முதல் குறை அளக்கும் முறையில். குளுக்கனேஸின் திறமையை ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக லாமினாரின் என்ற பொருளை வைத்து அளக்கின்றன. செல்லுலேஸைக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோசை வைத்து அளப்பார்கள். லாமினாரின் பழுப்புப் பாசியின் சேமிப்புச் சர்க்கரை, நீரில் கரையும். மற்றது தொழிற்சாலையில் கரையும்படி மாற்றப்பட்ட செல்லுலோஸ். இரண்டும் தண்ணீரில் மிதக்கும் இடியாப்பம் போல, நொதி எந்தப் பக்கமும் கடிக்கலாம். பித்தியத்தின் சுவரோ சிமெண்டு பூசிய செங்கல் வரிசை: நார்கள் நெருக்கமாக அடுக்கி, புரதம் கலந்து இறுகியது. இடியாப்பத்தைத் தின்றவன் செங்கல்லையும் தின்பான் என்று எண்ண முடியாது. பித்தியத்தை வளர்த்து, அதன் சுவரைப் பிரித்தெடுத்து, அதன் மேல் நொதியைச் சோதித்த எண்தான் எண். அத்துடன், கொதிக்கவைத்துச் செயலிழந்த அதே கரைசலை ஒப்பீட்டுக்கு வைத்திருக்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்த குழம்பில் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இருக்கும். கொதிக்கவைத்த பிறகும் கிருமி சாகிறதென்றால் பாராட்டு நொதிக்குச் சேராது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கிருமியின் வாழ்க்கைச் சுற்றில் இருக்கிறது அது. பித்தியம் ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குப் பரவுவது நீந்தும் வித்துகளால். அந்த வித்துக்குச் சுவரே கிடையாது. இரண்டு கசைகளோடு நிர்வாணமாக நீந்துகிறது. இல்லாத சுவரை எந்த நொதி வெட்டும்? இலையின் மேற்பரப்பில் உள்ள கூழை அடையாளம் கண்டு ஒட்டியவுடன் வித்து கசைகளை உதறி, சில நிமிடங்களில் சுவர் கட்டிக்கொள்கிறது. பிறகு முளைவிட்டு இலையைத் துளைக்கிறது. துளைத்தபின் இழை நோரியின் செல்லுக்குள் இருக்கிறது; நொதியோ வெளியே கடலில். சிட்ரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 192. பாக்டீரியக் குளுக்கனேஸ் பெரும்பாலும் 25,000க்கு மேல். அமிலம் நுழையும் சந்தில் நொதி நுழையாது. நோரியின் சைலான் சுவர் நொதிக்கு இரையாகாது என்று சற்றுமுன் புகழ்ந்தோமே, அதே சுவர் இப்போது உள்ளே ஒளிந்த கிருமிக்குக் கோட்டையாகிறது.

நொதிக்குக் கிடைப்பது குறுகிய ஒரு சாளரம்: வித்து ஒட்டிச் சுவர் கட்டியதற்கும் இலைக்குள் புகுந்ததற்கும் இடைப்பட்ட நேரம். செம்புள்ளி கண்ணில் படும்போது அந்தச் சாளரம் மூடிவிட்டிருக்கும். ஆகவே நொதி நோய் கண்ட வலைக்கு மருந்தாகாது, ஆனால் தடுப்பாகலாம். இந்த வேறுபாட்டைப் பேசாமல் ‘நோயைக் கரைக்கும் நொதி’ என்று தலைப்பிடுவது வாசகரை ஏமாற்றும். இன்னொரு முக்கிய நோயான ஒல்பிடியோப்சிஸ் கருகல் விஷயத்தில் நிலைமை இதைவிட மோசம். அந்தக் கிருமி இழையாக வளர்வதே இல்லை. முழு உடலோடு ஒரு செல்லுக்குள் உட்கார்ந்து தின்னும். கொரியாவின் சொச்சோன் பகுதியில் 2012–13 பருவ விற்பனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தின்றது அதுதான்.

மூன்றாவது, கடல். ஒரு நோரி வலை ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். வளர்ப்புப் பகுதியில் நீரோட்டம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வலையின் ஒரு நுனியில் ஊற்றிய நொதி ஒன்றரை நிமிடத்தில் மறுநுனியைத் தாண்டிப் போய்விடும். நொதிக்கு வேண்டியது மணிக்கணக்கு. வெப்பம் அடுத்த சிக்கல். பல நொதிகள் 40 பாகை செல்சியஸ் அளவில்தான் முழு வேகத்தில் ஓடும். குளிர்கால நோரி வயலின் நீரோ 10 பாகையை ஒட்டி. பத்துப் பாகை குறைந்தால் வேகம் பாதியாகும் என்ற பொதுக் கணக்குப்படி பார்த்தால் எட்டில் ஒரு பங்கு வேகம்தான் மிஞ்சும். துருவக் கடல் பாக்டீரியாக்களின் குளிர்தாங்கு நொதிகள் இதை ஓரளவு சரிக்கட்டலாம். ஓடும் நீரை எந்த நொதியாலும் சரிக்கட்ட முடியாது. அமிலம் ஏன் வென்றது என்பது இப்போது புரியும்: அது படகின் தொட்டிக்குள் வேலை செய்கிறது, சில நொடிகளில் முடித்துவிடுகிறது, குளிரைப் பொருட்படுத்துவதில்லை.

நொதிக்குப் பதில் நொதி சுரக்கும் உயிருள்ள பாக்டீரியாவையே வலையில் குடியேற்றினால் தண்ணீர் அடித்துப் போகாதே என்று ஒரு மறுமொழி வரும். புத்திசாலித்தனமான மறுமொழிதான், ஆனால் நான்காவது குறை இங்கேதான் பதுங்கியிருக்கிறது. ஜோபெல்லியா கலக்டானிவோரன்ஸ் என்ற கடல் பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ரோஸ்கோஃப் கடலோரத்தில் ஒரு சிவப்புப் பாசியின் மேலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனிடம் குளுக்கானை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. நல்லது. ஆனால் நோரியின் கூழான போர்ஃபைரானை வெட்டும் நொதி உலகில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இதே பாக்டீரியாவில்தான், 2010இல். அதே ஆய்வு இன்னொரு வியப்பையும் சொன்னது: காலங்காலமாக நோரி தின்ற ஜப்பானியரின் குடல் பாக்டீரியா ஒன்று, கடல் பாக்டீரியாக்களிடமிருந்து அந்த மரபணுவைக் கைமாற்றாகப் பெற்றிருந்தது. பாசியின் மேல் வாழும் பாக்டீரியாவுக்குப் பாசிதான் சோறு. கிருமியைத் தின்னும் என்று நம்பிக் குடியேற்றினால் வேலியே பயிரை மேயும். அப்படிக் குடியேற்றுவதற்கு முன் அந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பில் போர்ஃபைரான், அகார், சைலான், மன்னான் ஆகிய நான்கையும் வெட்டும் கத்திகள் இல்லை என்று காட்டுவது குறைந்தபட்ச நேர்மை. சுத்திகரித்த தனி நொதிக்கு இந்த ஆபத்து இல்லை. அதற்கான விலை, மறுபடியும் தண்ணீரோடு போராட்டம்.

அப்படியானால் தரையில், தொட்டிக்குள் பயன்படுத்தலாமே என்று தோன்றும். நோரியின் வாழ்க்கையில் தொட்டிப் பருவம் ஒன்று உண்டு. ஆங்கிலப் பாசியியலாளர் கேத்லீன் ட்ரூ 1949இல் கண்டுபிடித்தது அதைத்தான்: கோடையில் நோரி கண்ணில் படாத நுண்ணிழையாக, சிப்பி ஓட்டுக்குள் துளைத்து வாழ்கிறது. கான்கோசெலிஸ் என்பது அதன் பெயர். அந்தக் கண்டுபிடிப்பால் பிழைத்த ஜப்பானிய மீனவர்கள் குமமோட்டோவின் உட்டோவில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். இன்று கொட்டகைத் தொட்டிகளில் சிப்பி ஓடுகளை அடுக்கி வளர்ப்பது இந்தப் பருவத்தைத்தான். நீர் ஓடாது, வெப்பத்தைக் கூட்டலாம், நொதிக்கு வேண்டிய நேரம் உண்டு. ஆனால் கான்கோசெலிஸின் சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது! இலைப் பருவத்தில் இல்லாத துணியை இந்தப் பருவத்தில் பயிரே உடுத்தியிருக்கிறது. நொதிக்கு வசதியான இடத்தில் செல்லுலேஸ் பயிருக்கு எமன். செல்லுலேஸ் பாதுகாப்பாக வேலை செய்யக்கூடிய இலைப் பருவத்திலோ நொதிக்கு வசதியான இடம் இல்லை. இந்த முரணைச் சந்திக்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

போட்டியாளர்களையும் தராசில் வைக்க வேண்டும். கொரியாவின் ஜாங்ஹுங் வட்டாரம் 2008 முதல் அமிலமே தொடாத கிம்மைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அங்கே வேலை செய்வது வெயிலும் காற்றும்: வலையைப் புரட்டி நீருக்கு மேலே காயவிட்டால் நோரி தாங்கும், ஒட்டுண்ணிகள் பல தாங்காது. உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு, ஆனால் நடக்கிறது. ஜப்பானில் பல பத்தாண்டுகளாக, இளம் இலைகள் முளைத்த வலைகளை ஓரளவு உலர்த்தி உறைபதனத்தில் வைத்து, முதல் வலை நோயில் விழுந்தால் புதியதை இறக்குகிறார்கள். வலைகளுக்கு இடையே இடைவெளி விட்டு நீரோட்டத்துக்கு வழிவிடுவது எல்லாவற்றிலும் மலிவானது.  மேலும், விளைச்சல் விழுவதெல்லாம் கிருமியால் அல்ல. 2022–23 பருவத்தில் ஜப்பானின் நோரி உற்பத்தி அரை நூற்றாண்டில் முதன்முறையாக 500 கோடித் தாள்களுக்குக் கீழே போனதற்கு அரியாகேயில் சத்துக் குறைந்து இலை நிறமிழந்தது பெருங்காரணம். எந்த நொதியும் அதற்குப் பதில் சொல்லாது.

நம் கரைக்கு இதில் என்ன? மண்டபம், பாம்பன் பக்கம் மிதவைகளில் வளர்வது கப்பாஃபைக்கஸ். ஊர்வழக்கில் பெப்சி பாசி. அதன் தண்டு பனிக்கட்டி போல வெளுத்து ஒடியும் ‘ஐஸ்-ஐஸ்’ நோய்க்கு வெப்பமும் உப்பளவு மாற்றமும் வழிதிறக்க, விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. இன்னொரு தொல்லை, தண்டில் மயிர் போல வேர்விடும் சிறு சிவப்புப் பாசி. பாக்டீரியாவுக்குக் குளுக்கான் சுவர் இல்லை. சிறு சிவப்புப் பாசியின் சுவரோ பயிரின் சுவருக்குச் சொந்தக்காரச் சுவர், இரண்டிலும் கலக்டானும் செல்லுலோசும். நோரிக்காகச் செதுக்கிய கத்தி இங்கே பாக்டீரியாவை வெட்டாது, சிறு பாசியை வெட்டினால் பயிரையும் சேர்த்து வெட்டும். ‘கடற்பாசி நோய்க்கு நொதி’ என்று பொதுப்படையாக எழுதிய திட்டம் எதுவும் இராமநாதபுரம் பக்கம் வந்தால், எந்தப் பாசி, எந்தக் கிருமி, எந்தச் சுவர் என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு மேலே பேசலாம்.

தீர்ப்புக்கு வருகிறேன். இலக்கு உண்மையானது: பித்தியத்தின் சுவரும் நோரி இலையின் சுவரும் வேறு பொருளால் ஆனவை. கருவி உண்மையானது: பாக்டீரிய நொதி அந்தச் சுவரை வெட்டக்கூடியது. ஆனால் வெட்டும் நேரம் மிகக் குறுகியது, வெட்டும் இடம் ஓடும் குளிர்நீர். எனவே அமிலக் குளியலுக்கு மாற்று என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. உள்ளே புகுந்த நோய்க்கு மருந்து என்ற கோரிக்கையைத் தள்ளுபடி செய்கிறேன். உயிருள்ள பாக்டீரியாவை வலையில் விடுவதை, மரபணுச் சான்று இல்லாத வரை, ஆபத்து என்றே கொள்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் நொதிக்கு ஆதரவாக எழுதுகிறேன்: வலை மனிதர் கையில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில். உறைபதனத்துக்குப் போகும் முன் இளம் இலை வலையைக் கரையில் தொட்டியில் ஊறவைக்கும் தடுப்புக் குளியலாக, குளிர்தாங்கும் குளுக்கனேஸும் செல்லுலேஸும் கலந்து, சுத்திகரித்து. அங்கே பயிர் இலைப் பருவத்தில் இருக்கிறது, நீர் ஓடவில்லை, இலைமேல் ஒட்டியிருக்கும் முளைகள் இன்னும் வெளியே இருக்கின்றன. அந்தச் சோதனையை 10 பாகைக் கடல்நீரில், கொதிக்கவைத்த நொதியையும், அமிலத்தையும், வெறுங்காற்றில் காயவிடுவதையும் பக்கத்துப் பக்கத்து வலைகளில் வைத்து ஒரு முழுப் பருவம் நடத்திக் காட்டட்டும். வெயில் காயவிட்ட வலையை விட நொதி வலை அதிகம் விளைந்தால் இந்தத் தீர்ப்பை நானே திருத்தி எழுதுகிறேன். அதுவரை, வலையைப் புரட்டிப் போடும் ஜாங்ஹுங் மீனவரின் கைதான் முன்னால் நிற்கிறது.